முப்பது மில்லிகிராம்: குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவோருக்கான தண்டனைகள்

இந்தியாவில் குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதைத் தண்டிக்கும் சட்டம் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அதில் 185ஆம் பிரிவு. வண்டியை ஓட்டும்போதோ ஓட்ட முயலும்போதோ ஒருவரின் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் அது குற்றம். போதைப்பொருள் உட்கொண்டு வண்டியைக் கட்டுப்படுத்த இயலாத நிலையில் இருப்பதும் இதே பிரிவில் வருகிறது. ‘ஓட்ட முயலும்போது’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வண்டி ஒரு அடிகூட நகர்ந்திருக்க வேண்டியதில்லை. அமர்ந்து சாவியைத் திருகினாலே இந்தப் பிரிவு பாயக்கூடும்.

இந்த 30 என்ற எண் தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை. 1988இல் சட்டம் வந்தபோது ரத்தத்தில் மது எவ்வளவு குறைவாக இருந்தாலும் குற்றம் என்றே எழுதப்பட்டிருந்தது. கேட்பதற்குக் கடுமையாக இருந்தாலும் அளவு வகுக்காத சட்டத்தை நடைமுறைப்படுத்துவது கடினம். 1994ஆம் ஆண்டுத் திருத்தம்தான் 30 மில்லிகிராம் என்று வரம்பு கட்டி, அதை அளக்க மூச்சுப் பரிசோதனைக் கருவியையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் வரம்பு 80. ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து 50. இவற்றோடு ஒப்பிட்டால் இந்திய வரம்பு மிகவும் இறுக்கமானது. இங்கே குறைபாடு வரம்பில் இல்லை, அதை அளந்து நிரூபிக்கும் வழியில்தான் இருக்கிறது. அது பின்னால் விளங்கும்.

30 மில்லிகிராம் என்பது எவ்வளவு? தமிழ்நாட்டுக் கடைகளில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாம் பொதுவாக 42.8 சதவீத ஆல்கஹால் கொண்டவை. 180 மில்லி கொண்ட ஒரு குவார்ட்டர் பாட்டிலில் ஏறத்தாழ 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஆண் அதை ஒரே மூச்சில் குடித்தால் கணக்குப்படி 100 மில்லி ரத்தத்தில் 150 மில்லிகிராம் அளவுக்கு ஏறும். அதாவது வரம்பைப்போல் ஐந்து மடங்கு. 30 மில்லி சின்ன பெக் ஒன்றே 25 மில்லிகிராம் வரை கொண்டுபோய்விடும். இரண்டாவது பெக்கில் வரம்பு கடந்தாயிற்று. 5 சதவீத பீர் ஒரு பெரிய பாட்டில் (650 மில்லி) 60ஐத் தாண்டும். பெண்களுக்கு உடலில் நீரின் விகிதம் குறைவு என்பதால் அதே அளவு மது இன்னும் அதிகமாகக் காட்டும்.

இறங்கும் வேகமோ மெல்லியது. ஈரல் மதுவை எரிக்கும் கணக்கு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும். மோர் குடிப்பதும் எலுமிச்சை சப்புவதும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வதும் இந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. இரவு பத்து மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்துவிட்டுப் படுத்தவர், காலை ஆறு மணிக்குப் பால் வாங்க வண்டியை எடுக்கும்போதும் வரம்பின் விளிம்பில்தான் இருப்பார். ‘நேற்று ராத்திரி குடித்தது, இப்போது தெளிவாக இருக்கிறேன்’ என்று சொல்பவர் பொய் சொல்லாமலே சிக்கிக்கொள்ளும் இடம் இது. சட்டம் கேட்பது எப்போது குடித்தார் என்பதை அல்ல. ஓட்டும் நேரத்தில் ரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்பதையே.

அளக்கும் முறையை 202 முதல் 205 வரையுள்ள பிரிவுகள் சொல்கின்றன. சீருடையில் உள்ள போலீஸ்காரரோ மோட்டார் வாகனத் துறை அதிகாரியோ ஒருவரை ஊதச் சொல்லலாம். ஆனால் அவர் குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருக்க வேண்டும் என்கிறது 203ஆம் பிரிவு. விபத்தில் சிக்கி மருத்துவமனையில் இருப்பவர் என்றால் சிகிச்சை அளிக்கும் மருத்துவரைக் கேட்டுத்தான் பரிசோதிக்க முடியும். சனிக்கிழமை இரவில் தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்தும்போது காவலர் கண்ணாடியை இறக்கச் சொல்லி, ‘எங்கிருந்து வர்றீங்க?’ என்று கேட்பது இதனால்தான். அவருக்கு வேண்டியது பதிலோடு வெளியே வரும் மூச்சு. வாடை அடித்தால் சந்தேகத்துக்குக் காரணம் கிடைத்துவிடும்; அதன் பிறகுதான் கருவி வரும்.

கருவியின் கணக்கு, ஒரு மில்லி ரத்தத்தில் உள்ள மது 2,100 மில்லி மூச்சில் உள்ள மதுவுக்குச் சமம் என்ற விகிதத்தை அடிப்படையாகக் கொண்டது. புதிய குழாயைச் செருகி, நீளமாக ஊதச் சொல்வார்கள். குடித்த கையோடு ஊதினால் வாய்க்குள் தங்கிய மது எண்ணை ஏற்றிக் காட்டும் என்பதால் கால் மணி நேரம் பொறுத்து ஊதச் செய்வதே சரியான முறை. ஒவ்வொருவரும் ஊதுவதற்கு முன் கருவி பூஜ்யம் காட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பிறகு ஒரு சின்னத் துண்டுச் சீட்டு அச்சாகி வெளியே வரும். தேதி, நேரம், வண்டி எண், ரத்த அளவு. கீழே காவலரின் கையெழுத்து, ஊதியவரின் கையெழுத்து. பேருந்து டிக்கெட்டைவிட அகலமில்லாத அந்தத் தாளின் மீதுதான் வழக்கு முழுவதும் நிற்கிறது. வெயிலில் வைத்தால் எழுத்து மங்கிப்போகும் தாள் அது.

கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவரிடம் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். தவறினால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்று 202ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. ஊத மறுப்பவரையோ கருவியில் மது காட்டியவரையோ ரத்தம் கொடுக்கச் சொல்லலாம். ரத்தம் கொடுப்பவர் பெண்ணாகவும் எடுப்பவர் ஆண் மருத்துவராகவும் இருந்தால் இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும். மறுப்பதாலும் தப்பிவிட முடியாது. தக்க காரணமில்லாமல் மறுத்தது, அரசுத் தரப்புச் சாட்சியத்துக்கு வலு சேர்க்கும் சூழ்நிலையாகக் கொள்ளப்படலாம் என்கிறது 205. ஆனால் பல நாடுகளில் உள்ளதுபோல் மறுப்பையே தனிக் குற்றமாக ஆக்கி, குடித்து ஓட்டியதற்கு இணையான தண்டனையை இந்தப் பிரிவு விதிக்கவில்லை. இது பெரிய ஓட்டை. வசதியும் வழக்கறிஞரின் தொலைபேசி எண்ணும் உள்ளவரே அதில் முதலில் நுழைகிறார்.

ரத்தப் பரிசோதனையிலும் எல்லாம் நேரத்தைப் பொறுத்தது. மணிக்கு 15 வீதம் இறங்கும் எண்ணுக்கு ஐந்து மணி நேரத் தாமதம் 75 மில்லிகிராம் தள்ளுபடி. 2024 மே மாதம் புனேயின் கல்யாணி நகரில் பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டிய கார் மோதி இரு இளம் மென்பொருள் பொறியாளர்கள் இறந்த வழக்கில், ரத்த மாதிரியையே மாற்றிவிட்டதாகக் குற்றஞ்சாட்டி மருத்துவர்களைப் போலீஸ் கைது செய்தது. அந்தச் சிறுவனைச் சாலைப் பாதுகாப்பைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீனில் விட்டது நாடு முழுக்கக் கொதிப்பை எழுப்பியது. கட்டுரை பற்றிப் பேசியவர்களே அதிகம். ஒரு சோதனைக் குழாயின் மேல் ஒட்டும் பெயர்ச்சீட்டு வழக்கின் உயிர்நாடி என்பது அதைவிடக் கவலை தருவது.

இனி தண்டனை. 2019 வரை முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, 3,000 ரூபாய் வரை அபராதம். 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் சிறைக்காலத்தை அப்படியே விட்டுவிட்டு அபராதத்தை மட்டும் உயர்த்தியது: முதல் முறைக்கு 10,000, அடுத்தடுத்த முறைகளுக்கு 15,000. அதைவிட முக்கியமானவை இரண்டு சொல் மாற்றங்கள். முன்பு ‘வரை’ என்று இருந்த இடத்தில் இப்போது தொகை நேராக நிற்கிறது. அபராதம் விதிப்பதென்றால் நடுவர் அதைக் குறைப்பதற்கு இடமில்லை. ‘மூன்று ஆண்டுகளுக்குள்’ என்ற நிபந்தனையும் நீக்கப்பட்டது. எத்தனை ஆண்டு இடைவெளி இருந்தாலும் இரண்டாவது இரண்டாவதுதான். சட்டத்தைக் காக்க வேண்டிய அதிகாரியே இந்தக் குற்றத்தைச் செய்தால் அபராதம் இரட்டிப்பாகும் என்று 210பி பிரிவும் அப்போது சேர்ந்தது.

ஹெல்மெட் போடாததற்குக் கட்டுவதைப்போல இந்த அபராதத்தைச் சாலையிலேயே கட்டிவிட்டுப் போக முடியாது. ஸ்பாட் ஃபைன் வசூலிக்க இடம் கொடுக்கும் 200ஆம் பிரிவின் பட்டியலில் 185 இல்லை. ஒவ்வொரு டிரங்க் அண்ட் டிரைவ் கேஸும் நடுவர் நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும். இதன் பொருள் பலருக்கும் விளங்குவதில்லை. 10,000 ரூபாய் கட்டியவர் கட்டணம் செலுத்தியவர் அல்லர். குற்றவாளி என்று தீர்ப்புப் பெற்றவர். பெரும்பாலோர் முதல் நாளே குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டிவிட்டு வெளியே வருகிறார்கள். அந்த ஒப்புதல்தான் அடுத்த முறை அவர்களை ‘மறுமுறை குற்றம் செய்தவர்’ ஆக்குகிறது. அபராதம் விதித்தும் கட்டாதவர்களின் அசையும் சொத்தை ஜப்தி செய்ய நீதிமன்றத்தில் வாரண்ட் பெறும் வேலையைச் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் செய்திருக்கிறது. தினக்கூலிக்கு 10,000 ரூபாய் அரை மாதச் சம்பளம். சொகுசுக் காரில் வருபவருக்கு ஒரு இரவு ஓட்டல் பில். ஒரே தொகை எல்லோருக்கும் என்பதில் உள்ள இந்த அநீதியைத் திருத்தம் தொடவே இல்லை.

ஆகவே ஓரளவாவது சமமாக வலிக்கும் தண்டனை லைசென்ஸ் பறிப்புதான். 206ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவின்படி போலீஸ் அதிகாரி லைசென்ஸைக் கைப்பற்றி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே உரியவரைக் கேட்டறிந்த பின், முதல் முறைக்கு மூன்று மாதத் தகுதியிழப்பு, அடுத்த முறைக்கு உரிமம் ரத்து என்று 19ஆம் பிரிவு வகுக்கிறது. இதற்கு முன்னோடி 2015ஆம் ஆண்டின் ஓர் உத்தரவு. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில், குடித்து ஓட்டுவது உள்ளிட்ட சில குற்றங்களுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்திவைக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. குடித்து ஓட்டியவர்களுக்கு முதல் முறையிலேயே சிறைத் தண்டனை கேட்கும்படியும் சொன்னது. இரண்டாம் முறை தண்டிக்கப்படுபவரின் லைசென்ஸை நீதிமன்றமே ரத்து செய்தாக வேண்டும் என்ற 22ஆம் பிரிவு பழையது. நீதிபதியின் விருப்பத்துக்கு அதில் இடம் விடப்படவில்லை. வாகனம் ஓட்டிப் பிழைப்பவருக்கு மூன்று மாதம் என்பது மூன்று மாதப் பட்டினி. அதே மூன்று மாதத்தில் டிரைவர் வைத்துக்கொள்ளக் கூடியவருக்குப் பெரிய சிரமம் இல்லை. ஆனால் அபராதத்தோடு ஒப்பிட்டால் இடைவெளி குறைவு.

உடன் வந்தவர் நிலை என்ன? 188ஆம் பிரிவு, 185இன் கீழ் வரும் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது. இந்தப் பிரிவை நம்பி 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ், குடித்து ஓட்டுபவரோடு வரும் பயணிகளுக்கும் பின்னால் அமர்ந்து வருபவருக்கும் அபராதம் என்று அறிவித்தது. நோக்கம் நல்லது. ஆனால் தண்டனைச் சட்டத்தில் உடந்தை என்றால் தூண்டியிருக்க வேண்டும், சதியில் சேர்ந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்தே உதவியிருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மட்டும் அந்த மூன்றில் எதிலும் அடங்குவது கடினம். ‘நீ ஓட்டுடா, ஒன்றும் ஆகாது’ என்று சாவியைக் கையில் திணித்த நண்பர் வேறு. கணவனை எதிர்த்துப் பேச முடியாமல் குழந்தையோடு பின்னால் ஏறிய மனைவி வேறு. ஜப்பான் இந்த வேறுபாட்டைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. 2006இல் ஃபுகுவோகாவில் போதையில் ஓட்டப்பட்ட கார் மோதியதில் இன்னொரு கார் பாலத்திலிருந்து கடலில் விழுந்து மூன்று குழந்தைகள் இறந்தார்கள். மறு ஆண்டே திருத்தம் வந்தது: குடித்தவருக்கு வண்டி கொடுத்தவர், ஓட்டப்போகிறவருக்கு மது ஊற்றிக் கொடுத்தவர், அவர் குடித்திருப்பது தெரிந்தே தன்னை ஏற்றிச் செல்லக் கேட்டவர் என மூவருக்கும் தனித்தனியே தண்டனை.

உயிர் போய்விட்டால் வழக்கு மோட்டார் வாகனச் சட்டத்தோடு நிற்பதில்லை. இங்கேதான் நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் தடுமாறின. அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ, கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை. 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதி, கொலையாகாத மரணம் விளைவித்தலுக்குப் பத்து ஆண்டு வரை. குடித்துவிட்டு ஓட்டி ஒருவரைக் கொன்றது கவனக்குறைவா, அல்லது சாவு நேரலாம் என்று தெரிந்தே செய்ததா? இந்த ஒரு கேள்விக்குள் எட்டு ஆண்டுச் சிறை அடங்கியிருக்கிறது.

2006 நவம்பர் 12 அதிகாலை, மும்பை பாந்த்ராவின் கார்ட்டர் சாலையில், நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்கள் மீது கார் ஏறியது. ஏழு பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் காயமடைந்தார்கள். ஓட்டியவரின் ரத்தத்தில் 112 மில்லிகிராம். விசாரணை நீதிமன்றம் 304ஏவின் கீழ் ஆறு மாதம் கொடுத்தது. மும்பை உயர் நீதிமன்றம் அதை 304இன் இரண்டாம் பகுதிக்கு மாற்றி மூன்று ஆண்டு ஆக்கியது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது; ஏழு உயிருக்கு மூன்று ஆண்டு மிகக் குறைவு என்று வருந்தி, தண்டனையைக் கூட்ட அரசு மேல்முறையீடு செய்யாததால் தன் கை கட்டப்பட்டிருக்கிறது என்ற கருத்தையும் பதிவு செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் டெல்லி லோதி சாலை வழக்கு முடிவுக்கு வந்தது. 1999 ஜனவரி 10 விடியலில் கார் மோதி மூன்று போலீஸ்காரர் உட்பட ஆறு பேர் இறந்த வழக்கு. ஓட்டியவரின் ரத்தத்தில் 115 மில்லிகிராம். அங்கும் 304இன் இரண்டாம் பகுதியே பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தண்டனை, ஏற்கெனவே அனுபவித்த இரண்டு ஆண்டுதான். கூடுதலாக 50 லட்சம் ரூபாயும் இரண்டு ஆண்டு சமூக சேவையும். குற்றத்தின் பெயர் பெரிதானாலும் சிறைக்காலம் அதோடு வளரவில்லை என்பதை இந்த இரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்தால் காணலாம்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. 304ஏவின் இடத்துக்கு வந்த 106(1) அதிகபட்சத்தை ஐந்து ஆண்டாக உயர்த்தி, அபராதத்தையும் கட்டாயமாக்கியது. கொலையாகாத மரணம் 105ஆம் பிரிவுக்கு மாறியது. மோதிவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடிப்போகும் ஓட்டுநருக்குப் பத்து ஆண்டு வரை விதிக்கும் 106(2), 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நாடெங்கும் போராடியதையடுத்து நடைமுறைக்கு வராமல் நிறுத்திவைக்கப்பட்டது. குடித்தவருக்கு ஓடிப்போவதில் தனி ஆதாயம் உண்டு: மறுநாள் மாலை சரணடைந்தால் ரத்தத்தில் எதுவும் மிஞ்சாது.

சான்று இல்லாத இடத்தில் நீதிமன்றம் எப்படி முடிவெடுக்கிறது என்பதற்கு இரு தீர்ப்புகள். 1971இல் உச்ச நீதிமன்றம், வாடையும் தள்ளாட்டமும் குளறும் பேச்சும் விரிந்த கண்மணியும் பரிசோதனை ஏதும் இல்லாமல் போதையை நிரூபிக்கப் போதாது என்றது. அது குற்ற வழக்கு. 2021இல், டெல்லியில் விபத்துக்குள்ளாகித் தீப்பிடித்த ஒரு போர்ஷ் காருக்கான காப்பீட்டு வழக்கில், மூச்சுப் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ இல்லாவிட்டாலும் மற்றச் சூழ்நிலைகளை வைத்துப் போதையை முடிவு செய்யலாம், காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம் என்றது. முரண்பாடு போலத் தோன்றும், அப்படியில்லை. சிறைக்கு அனுப்பச் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டும், பணம் சார்ந்த வழக்கில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே போதும்.

காப்பீட்டில் உள்ள இழப்பு பெரும்பாலும் அபராதத்தைவிடப் பல மடங்கு. குடித்து ஓட்டியவரின் சொந்த வண்டிச் சேதத்துக்கு ஒரு ரூபாயும் வராது. அடிபட்ட மூன்றாம் நபருக்கு, அல்லது அவர் குடும்பத்துக்கு, நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பதே நீதிமன்றங்கள் பின்பற்றிவரும் வழி. பாதிக்கப்பட்டவர் கைவிடப்படாமல் இருக்க அது அவசியம். குடித்து ஓட்டியவருக்கோ அது வீட்டையும் நிலத்தையும் தேடி வரும் கடன்.

தண்டனையின் அளவைக் கூட்டினால் குற்றம் குறையுமா என்பது உலகெங்கும் ஆராயப்பட்ட கேள்வி. இங்கிலாந்து 1967ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80 மில்லிகிராம் வரம்பையும் மூச்சுக் கருவியையும் கொண்டுவந்தபோது இரவு விபத்துகள் சட்டென்று குறைந்தன. பின்னர் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பின. அதை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் எச். லாரன்ஸ் ராஸ் கண்ட காரணம் எளிது: பிடிபடும் வாய்ப்பு தாங்கள் பயந்த அளவு இல்லை என்று மக்கள் தெரிந்துகொண்டார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1982 டிசம்பர் 17 முதல், சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாரையும் நிறுத்தி ஊதச் சொல்லலாம் என்று ஆக்கியது. சாலை இறப்புகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. அங்கே பலன் கொடுத்தது தண்டனையின் கனத்தைவிடச் சோதனையின் நிச்சயம். இந்தியாவின் 203ஆம் பிரிவோ இன்னும் சந்தேகத்துக்குக் காரணம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

புள்ளிவிவரமும் இந்தக் குறையைக் காட்டுகிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அதில் மது, போதைப்பொருள் கணக்கில் எழுதப்பட்டது நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைகளை எதிர்த்துத் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில், 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட நாட்டில் இந்த மூன்று சதவீதத்தை நம்புவது கடினம். இறந்த ஓட்டுநருக்கும் மோதியவருக்கும் ரத்தப் பரிசோதனை எடுக்கப்படாத இடங்களில், காரணம் ‘அதிவேகம்’ என்ற பத்திக்குள் போய்விடுகிறது.

கடைசியாக வேலை. அரசுப் பேருந்து, லாரி, போலீஸ் வண்டி ஓட்டுபவருக்குக் குற்ற வழக்கோடு துறை விசாரணையும் உண்டு. ஒன்றில் தப்பினாலும் மற்றது நிற்கும். உத்தரப் பிரதேசத்தில் ஆயுதக் காவல் படையினரைக் கும்பமேளா பணிக்கு ஏற்றிச் சென்ற லாரியை ஓட்டுநர் ஒருவர் குடித்துவிட்டு ஓட்டி ஒரு ஜீப்பின் மீது மோதினார். யாருக்கும் பெரிய காயமில்லை. அவரைப் பணிநீக்கம் செய்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு 2022 ஜனவரியில் வந்தபோது, பெரிய விபத்து ஆகாதது நல்வாய்ப்பு மட்டுமே, வண்டியில் இருந்தவர்களின் உயிர் அவர் கையில் இருந்தது, அதனால் குற்றம் குறைந்துவிடாது என்று நீதிமன்றம் கண்டது. ஆனால் 25 ஆண்டு பணிசெய்தவர் என்பதையும் அதற்குள் இறந்துவிட்டார் என்பதையும் கருதிப் பணிநீக்கத்தைக் கட்டாய ஓய்வாக மாற்றி, அவருக்குச் சேர வேண்டிய பணப்பயன்களைக் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொன்னது.